தாத்தா தின்ற பதினோரு இட்லி

ஸ்ரீரங்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு வைகுண்ட ஏகாதசி என்பது திருவிழா இல்லை, தண்டனை. சொர்க்கவாசல் திறப்பது என்னவோ கோயிலில்தான். ஆனால் அதற்குப் பத்து நாள் முன்னாடியே எங்கள் வீட்டு வாசல் திறந்துவிடும், அப்புறம் மூடவே மூடாது. எங்கெங்கோ இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் மார்கழி பிறந்ததும் பெருமாள் ஞாபகம் வரும். பெருமாள் ஞாபகம் வந்த கையோடு எங்கள் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டும் ஞாபகம் வரும். "உங்களுக்கென்னம்மா, கொடுத்து வெச்சவங்க, பெருமாள் காலடியிலேயே இருக்கீங்க" என்பார்கள், என் கட்டிலில் படுத்துக்கொண்டு. நான் ஹாலில் பாயை விரித்துக்கொண்டே "ஆமாங்க" என்பேன்.

ஆனால் இது விருந்தாளிகளைப் பற்றிய புலம்பல் இல்லை. என் மகள் படிக்கக் கற்றுக்கொண்ட கதை. விருந்தாளியை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியவில்லை, என்ன செய்ய?

நான் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். பாய்லர் குழாய்களை வெல்டிங் செய்வார்கள். அந்த வெல்டிங்கை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, "இது சரி, இதை வெட்டிட்டு மறுபடி பண்ணு" என்று சொல்வது என் வேலை. தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தாலும் பிடித்துவிடுவேன். என்னைப் பார்த்தாலே வெல்டர்களுக்கு வேறு பக்கம் அவசர வேலை வந்துவிடும். இவ்வளவு பெரிய கண் இருந்து என்ன பிரயோஜனம்? பெற்ற மகள் படிக்கவில்லை, ஒப்பிக்கிறாள் என்பதே எனக்கு அரை வருஷமாகத் தெரியவில்லை.

அவள் யு.கே.ஜி. சேர்ந்ததும் படம் போட்ட பாட்டுப் புத்தகங்களாக வாங்கிக் குவித்தேன். தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு கடை. "எதுகையோட இருந்தா பிள்ளைங்களுக்குச் சீக்கிரம் படிப்பு வரும்ங்க, சத்தம் பிடிச்சுக்கிட்டே எழுத்தும் பிடிச்சுக்கும்" என்று சொல்லிச் சொல்லியே கடைக்காரர் ஏழெட்டுப் புத்தகங்களை என் தலையில் கட்டினார். அதையெல்லாம் எழுதினவர்கள் கையில் கிடைத்தால் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். யானை வந்தால் அடுத்த வரியில் ஏன் பானை வருகிறது? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? நான் கோயில் யானையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாளும் அது பானையோடு நின்று பார்த்ததில்லை. கிளி வந்தால் புளி. எந்தக் கிளி அய்யா புளி தின்றது? கடைசிப் பக்கத்தில் எல்லா மிருகங்களும் வரிசையாக நின்றுகொண்டு பல் தேய்க்கச் சொல்லும். பல்லே இல்லாத கிளியும் சொல்லும்.

ஆனால் ஒன்று, வேலை செய்தது. அப்படித்தான் நினைத்தேன். ஒரு வாரத்தில் மகள் எல்லாப் புத்தகத்தையும் மடியில் வைத்து, சரியான இடத்தில் பக்கம் புரட்டி, விரலை வைத்துப் படித்தாள். நான் அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அத்தனை பேரும் கைதட்டல் படம் அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் "இவ உன்னை மாதிரி, ஃபிலிம் பார்க்கற கண்ணு" என்றார். அதைக் கேட்டு இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷ ஏகாதசிக்குத்தான் பெரிய மாமா வந்தார். காலமான என் மாமனாருக்கு அண்ணன், என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா, மகளுக்குப் பெரிய தாத்தா. சென்னையில் ஏதோ ஒரு ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிட்டயரானவர். ஆபீஸ்தான் அவரை விட்டது, அவர் சூப்பரிண்டெண்ட் வேலையை விடவில்லை. வந்த இடத்தில் எல்லாம் குறை கண்டுபிடித்துச் சொல்வார், அதிலும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. நானும் குறை கண்டுபிடிக்கிறவள்தான், எனக்கு அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இவர் இலவசமாகச் செய்கிறார்.

பாத்ரூமுக்குள் போனால் ஒன்றரை மணி நேரம். வீட்டில் மற்ற எல்லோரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்போம். சாப்பிட உட்கார்ந்தால் "எனக்குக் கொஞ்சம் போதும்மா, வயசாயிடுச்சு" என்பார். ஏகாதசி அன்றைக்கு விரதம், சாதம் கூடாது, பலகாரம்தான் என்றார். இட்லியும் அரிசிதானே என்று யாரும் கேட்கக் கூடாது. அரிசியை ஆட்டி ஆவியில் வேக வைத்துவிட்டால் பாவம் போய்விடுமாம். மகள் எதிரே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். பத்து விரலும் தீர்ந்துபோய், ஒரு கால் விரலையும் பிடித்துக்கொண்டு "பதினொண்ணும்மா" என்று சமையலறைக்கு வந்து சொன்னாள். ஏகாதசிக்குப் பதினொன்று, கணக்கு சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்தக் கூத்து. வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் பெருமை பீற்றிக்கொள்ள மகளை நடுவில் உட்கார வைத்து, யானைப் புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் ஆரம்பித்தாள். புத்தகத்தில் யாரோ கேசரிக் கையை வைத்திருக்கிறார்கள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டது. இவள் கவலையே படாமல் கிளிப் படத்தைக் காட்டிக்கொண்டு யானைப் பாட்டைப் பாடினாள், முயல் படத்தில் கிளிப் பாட்டை. புத்தகம் முடிந்த பிறகும் அவளிடம் இரண்டு வரி மிச்சம் இருந்தது. பின்னட்டையைக் காட்டி அதையும் சொன்னாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மாமா சிரிக்கவில்லை. பேப்பரை எடுத்து ஒரு தலைப்பைக் காட்டி, "இதைப் படி" என்றார். அவள் பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். "குழந்தை மந்தம்மா. இதை ஒண்ணாங்கிளாஸ்ல போடாதீங்க, இன்னொரு வருஷம் கீழேயே உக்காரட்டும்" என்றார், பத்துப் பேர் முன்னால், குழந்தைக்கும் கேட்கிற மாதிரி. எனக்கு அந்த ஆளை அந்த நாற்காலியோடு தூக்கிக் கொள்ளிடத்தில் போட்டுவிட்டு வரலாம் போல இருந்தது. "காபி போடட்டுமா மாமா" என்று கேட்டேன்.

ஒண்ணாங்கிளாஸில் போட்டோம். ஆனால் அவர் சொன்னது என் வீட்டுக்காரர் மனதில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. போதாக்குறைக்கு அரைப்பரீட்சை முடிந்ததும் கிளாஸ் மிஸ் எங்களைக் கூப்பிட்டு, "கணக்குல புலிங்க. படிக்கறதுதான் இன்னும் வரலை. இன்னொரு வருஷம் ஒண்ணாவதே படிக்கட்டுமா? பொங்கல் லீவு முடிஞ்சு சொல்லுங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பெரியப்பா அப்பவே சொன்னார்" என்றார். எனக்கு வந்ததே கோபம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவானைக்காவல் வரைக்கும் விடாமல் திட்டினேன். பின்சீட்டு அம்மா "விடும்மா, ஆம்பளைங்க அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லிவிட்டு இறங்கினார்.

ஆனால் கோபப்பட்டு என்ன? எனக்கே தெரியவில்லையே. கூட்டாளிகளெல்லாம் இரண்டாவதுக்குப் போய்விட, இவள் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு அதே பெஞ்சில் உட்காருவாள். "தாத்தா சொன்ன மாதிரி நான் மந்தமாம்மா?" என்று ஒரு நாள் தலை பின்னும்போது கேட்டாள். சீப்பு அப்படியே நின்றுவிட்டது. இல்லடி என்றேன். அது போதாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

யானையும் பானையும் இனி உதவாது, அதையெல்லாம் தூக்கத்தில் கூடச் சொல்வாள். அவளுக்கு ஏதாவது புதிதாக வேண்டும். கடைக்குப் போனால் மறுபடி பானை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். வெல்டிங் ராடு விற்கிறவர் இலவசமாகக் கொடுத்த டைரி ஒன்று இருந்தது. பக்கத்துக்கு இரண்டு வரி, மேலே ஒரு படம். எனக்குப் படம் வரையத் தெரியாது, வட்டம் மட்டும் வரும். அதனால் வட்டமாக இருக்கிற ஒருவரைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன்.

தாத்தா வந்தார் ரயிலிலே
மூட்டை வைத்தார் வழியிலே.

அடுத்த நாள் அடுத்த பக்கம்.

குளிக்கப் போனார் காலையிலே
வெளியே வந்தார் மாலையிலே.

மூன்றாம் பக்கத்துக்குப் பெரிய வட்டம் ஒன்று, சின்ன வட்டம் பதினொன்று.

கொஞ்சம் போதும் என்றாரே
பதினோரு இட்லி தின்றாரே.

கடைசிப் பக்கம்.

போறேன் போறேன் என்றாரே
பொங்கல் வரைக்கும் நின்றாரே.

சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது பாடம் சொல்லிக் கொடுக்கிற எண்ணம் பாதிதான். மீதிப் பாதி வயிற்றெரிச்சல். ஆனால் மகள் அந்த மூன்றாம் பக்கத்தைப் பார்த்துத் தரையில் உருண்டு சிரித்தாள். ஒவ்வொரு இட்லிக்கும் ஒரு கலர் அடித்தாள். பச்சை இட்லி, ஊதா இட்லி. "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று என் உயிரை எடுத்தாள். ஒரு புத்தகத்தை அவளாகவே எடுத்துக்கொண்டு வந்து மடியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எழுத்தெழுத்தாக விரல் வைத்துக் கூட்டினோம். ஐந்தாவது நாள் தானே சரளமாகச் சொன்னாள். டிவி பார்த்துக்கொண்டே அரைக் காதில் கேட்ட என் வீட்டுக்காரர், "இதுவும் மனப்பாடம்தானே?" என்றார்.  எனக்கும் அதே சந்தேகம்தான்.

"ஏகாதசிக்குப் பெரியப்பா வரப்போறாரே, அவர் கேட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அவர் சரின்னா ரெண்டாவது, இல்லைன்னா மிஸ் சொன்ன மாதிரி பண்ணிடலாம்" என்றார். யாரை யாருக்கு நீதிபதியாகப் போடுகிறார் பாருங்கள்! தாய் என்று ஒருத்தி இங்கே குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். சண்டை போட்டேன். ஆனால் அடி மனதில், அந்த மனுஷன் முன்னாலேயே அவள் படித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி எனக்கும் இருந்தது.

பெரிய மாமா போன் செய்தார், நாளைக்குக் காலை வண்டி என்று. மகள் போனைப் பிடுங்கி, "தாத்தா, எங்கிட்ட புது புக்கு இருக்கு, உங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டாள். "பேஷ், நான் கேக்கறேன்" என்றார் அவர். 

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போதுதான் என் வீட்டுக்காரர் அந்த டைரியை முதல் தடவையாக ஒழுங்காகப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் அவர் முகம் வெளுத்தது. "அடிப்பாவி, இது பெரியப்பாடி!"

"பொதுவா ஒரு தாத்தாங்க" என்றேன்.

"பொதுவான தாத்தா எவன் பதினோரு இட்லி தின்னான்? தூக்கிப் பரண்ல போடு!"

எப்படிப் போடுவது? குழந்தை போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டாள். புத்தகம் இல்லை என்றால் வீடு இரண்டாகிவிடும். அவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மகள் கீழ்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் பக்கம்தான், எனக்கு இருபது நிமிஷம் கிடைக்கும்.

கைப்பையில் ஃபிலிம் கவருக்கு ஒட்டுகிற வெள்ளை லேபிள் எப்போதும் இருக்கும். கடைசிப் பக்கத்தைக் கிழித்து அரிசி டின்னுக்குள் போட்டேன். முதல் பக்கத்தில் வம்பில்லை. இரண்டாம் பக்கத்தில் 'வெளியே வந்தார் மாலையிலே'யை மறைத்து லேபிளை ஒட்டினேன். அதன்மேல் என்ன எழுதுவது? அவசரத்தில் மூளை கடைப் புத்தகத்துக்குத்தான் ஓடுகிறது. 'பூவைப் பறித்தார் சோலையிலே' என்று எழுதினேன். ஃபிளாட்டில் குளித்துவிட்டு வருகிற மனுஷனுக்கு எங்கேயிருந்து சோலை என்று அந்தக் கடைப் புத்தகம் எழுதினவர்களைத்தான் கேட்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில் 'பாதி இட்லி தின்றாரே' என்று எழுதி ஒட்டினேன். சுற்றி நிற்கிற பதினோரு கலர் இட்லியை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மனப்பாடம் என்றால் லேபிள் ஒட்டியும் பயனில்லை. அவள் பாட்டுக்குப் பழைய வரியைத்தான் சொல்லப்போகிறாள், மாலையும் பதினோரு இட்லியுமாக. மானமும் போகும், இரண்டாம் வகுப்பும் போகும்.

பெரிய மாமா வந்தார், மூட்டையை வழியிலேயே வைத்தார், குளித்து முடித்து வர பத்தரை ஆனது. பேப்பரும் கையுமாக சோபாவில் உட்கார்ந்தார். "எங்க, புக்கை எடுத்துக்கிட்டு வா" என்றார். மகள் டைரியோடு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் கதவுப் பக்கம் நின்றார், ஓடுவதற்கு வசதியாக.

முதல் பக்கம். "தாத்தா வந்தார் ரயிலிலே மூட்டை வைத்தார் வழியிலே" என்று ஒரே மூச்சில் கடகடவென்று சொன்னாள். விரல் புத்தகத்தில் இருந்தது, கண் தாத்தாவின் மூக்குக் கண்ணாடியில் இருந்தது. ஒப்பித்தல்தான். நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தேன், ஈரமே இல்லாத கையை.

இரண்டாம் பக்கம். "குளிக்கப் போனார் காலையிலே." அதே வேகம். அடுத்ததற்கு "வெளி" என்று வாயைத் திறந்துவிட்டாள்.

நின்றாள். லேபிளைப் பார்த்தாள். நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். மறுபடி குனிந்தாள். விரலை முதல் எழுத்தின் மேல் வைத்தாள்.

"பூ... வை... பூவை. பூவைப். ப... றி... பறித்... தார்."



"சோ... லை... சோலை... யிலே. சோலையிலே." நிமிர்ந்தாள். "சோலைன்னா என்னம்மா?"

எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னது கிடையாது. டிவியில் வருவதில்லை, பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலும் இல்லை. முன் வரியில் காலையிலே என்று இருந்ததால் பின்பாதியை அந்த ஓசையே அவளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கும், சரி. ஆனால் அந்த 'சோ'வை யார் எடுத்துக் கொடுத்தது? அவளேதான் படித்தாள். என் மகள் படிக்கிறாள்!  "தோட்டம்டி" என்று சொல்ல இரண்டு தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

அவள் பக்கம் புரட்டிவிட்டாள். "கொஞ்சம் போதும் என்றாரே." லேபிள். இந்தத் தடவை திக்கவில்லை. "பாதி... இட்லி... தின்றாரே." சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்தாள். லேபிளைப் பார்த்தாள். தாத்தாவைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"பொய்! பாதி இல்ல, பதினொண்ணு. நான்தானே எண்ணினேன். யாரோ தப்பா எழுதி ஒட்டியிருக்காங்க."

என் வீட்டுக்காரர் வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

பெரிய மாமா டைரியை வாங்கினார். லேபிளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரித்தார். அடியில் இருந்ததைப் படித்தார். இட்லிகளை ஒவ்வொன்றாக எண்ணினார், பச்சை, ஊதா எல்லாவற்றையும். "யார் எழுதினது?" என்றார்.

"நான்தான் மாமா."

பெரிய மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அப்புறம் உரித்த லேபிளை விரல் நுனியில் தூக்கிக் குழந்தை முன்னால் நீட்டி, "இதை இன்னொரு தரம் படி" என்றார். படித்தாள். கையிலிருந்த பேப்பரைப் பிரித்து ஒரு தலைப்பைக் காட்டினார். அவள் முழங்காலிட்டு உட்கார்ந்து, விரலை வைத்து, தடுக்கித் தடுக்கி, நாலு வார்த்தையையும் படித்தாள். பெரிய மாமா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பால்கனிப் பக்கம் குரல் கொடுத்தார். "டேய், குழந்தை படிக்கறாடா. ரெண்டாவதுக்கு அனுப்பு. இவளைப் போய் எவன் கீழ உக்காரச் சொன்னான்?"

நீங்கதான் சொன்னீங்க என்று வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை, அழுகை வந்துவிட்டது. சும்மா கண் கலங்குகிற அழுகை இல்லை. பத்துப் பேர் முன்னால் உதட்டைப் பிதுக்கி உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தைக்காக ஒரு வருஷமாக அழாமல் வைத்திருந்த அத்தனையும் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

பெரிய மாமா பதறிப்போய் எழுந்து வந்தார். "அட, எதுக்கும்மா அழறே? நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கலை. தின்னவன்தானே நான், எழுதினா என்ன இப்போ?" என்றார். அவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து அழுகிறேனாம். நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவருக்குப் பின்னால் சோபாவில், யாரும் சொல்லாமலே, என் மகள் பேப்பரில் அடுத்த தலைப்பின் மேல் விரலை வைத்திருந்தாள்.